நம்பிக்கை மையம்: உள்ளே நிறைவு, வாசலில் குறை

சேவை: எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும். கட்டணம் இல்லை.
இடம்: நீலகிரியில் ஓர் அரசு மருத்துவமனை.

தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் லயனில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) கல்யாணம் நிச்சயமான ஒரு பையனையும் அவனுக்குப் பேசியிருக்கும் பெண்ணையும் இந்த மையத்துக்கு அழைத்துச் சென்றேன். “இந்த மலையில்தான் இப்போது யாருக்கும் இல்லையே நர்சம்மா, பிறகு எதற்குப் பரிசோதனை?” என்று பஸ்ஸில் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தான். இந்த மையத்தை நான் பரிந்துரைக்க முதல் காரணம், அந்தக் கேள்வியை ஆலோசகர் எடுத்துக்கொண்ட விதம்.

அவர் அறைச் சுவரில் ஆண்டுவாரியாக ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு வரிசையில் பரிசோதனை செய்துகொண்டவர்கள், அதற்குக் கீழே தொற்று கண்டறியப்பட்டவர்கள். பையன் கீழ் வரிசையைக் காட்டி, “குறைந்துகொண்டுதானே வருகிறது?” என்றான். ஆலோசகர் மேல் வரிசையில் விரலை வைத்தார். “தம்பி, முதலில் இதைப் பாருங்கள். சோதனைக்கு வருகிறவர்கள் குறைந்தாலும் கீழே உள்ளது குறையும். அதனால் தொற்று குறைந்துவிட்டது என்று ஆகாது.” இந்த ஆண்டு கண்டறியப்படுபவருக்கு இந்த ஆண்டுதான் தொற்றியது என்றும் கொள்ள முடியாது. எட்டு, பத்து ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் நடமாடியவராகவும் இருக்கலாம். இதை இவ்வளவு எளிதாக விளக்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் தொற்று குறைந்தது உண்மைதான். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல முடிவது வேறு கணக்கால். தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளின் இரத்த மாதிரிகளைப் பெயர் நீக்கி, ஒரே முறையில் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 2001-ல் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருந்தது, பிறகு 0.3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்த நாளிலிருந்து எண்ணினால் இது பெரிய தூரம். தொண்ணூறுகளில் தோட்டத்து நோயாளிகளின் இரத்தத்தைக் கீழே அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்போம். முடிவு வந்தாலும் கையில் கொடுக்க மருந்து இல்லை. இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. 2017 முதல், எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியான உடனேயே மருந்து உண்டு. தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. இந்தச் செய்தியைக் கேட்டபோது அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

பரிசோதனை முறையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்மதம் கேட்டபிறகே ஊசி. குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும். முதல் சோதனையில் தொற்று தெரிந்தாலும் அப்படியே சொல்லிவிடுவதில்லை. வேறு இரண்டு வகைச் சோதனைகளும் அதையே காட்டினால்தான் உறுதி செய்கிறார்கள். முடிவை இருவருக்கும் தனித்தனியாக, கதவைச் சாத்திச் சொன்னார்கள். என்னையும் வெளியே உட்காரச் சொன்னார்கள், மிகச் சரி. அண்மையில் தொற்றியிருந்தால் சோதனையில் தெரியாமல் போகலாம், சந்தேகம் இருப்பவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டும் என்பதையும் மறக்காமல் சொன்னார்கள்.

வாசல்தான் தாங்க முடியவில்லை. மருந்து வாங்கும் வரிசைக்கு நேர் எதிரே கதவு, அதன்மேல் பெரிய எழுத்தில் பலகை. சிறிய மலை ஊரில் அந்த வரிசையில் நிற்கும் பாதிப் பேர் நம் உறவுக்காரர்கள். சோதனை விவரத்தை ரகசியமாக வைக்க 2017-ல் சட்டமே வந்துவிட்டது. உள்ளே அதைக் காப்பாற்றும் மருத்துவமனை, கதவைப் பக்கத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றக் கூடாதா? கொழுந்து பறிக்கும் பெண்கள் இதற்காகவே வர மறுப்பதை நான் நேரில் அறிவேன். அவர்கள் வராவிட்டால் சுவரில் உள்ள மேல் வரிசை எப்படி உயரும்?

இன்னொன்று: ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த குடும்பங்கள் இன்று எத்தனையோ தோட்டங்களில் இருக்கின்றன. சுவரொட்டிகள் எல்லாம் தமிழில் மட்டுமே. இந்தியிலும் சில ஒட்ட வேண்டும். அதுவரை, தமிழ் தெரியாத தொழிலாளர்களுக்கு 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள். அதில் இந்தியிலும் பேசுகிறார்கள்.