மேசையை விட்டு எழுந்த பிறகு: போக்கர் ஆட்டக்காரருக்குச் சதுரங்கமா, பேக்காமனா, கோல்ஃபா?

உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஸ்டூ உங்கர், 1998-இல் லாஸ் வேகாஸின் மலிவான விடுதியறை ஒன்றில் இறந்து கிடந்தபோது, அவரிடம் சில நூறு டாலர்களே மிஞ்சியிருந்தன. போதைப் பழக்கம் அவரை அழித்தது என்பது உண்மை; ஆனால் சீட்டு மேசையில் வென்றதைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் அவர் தொடர்ந்து இழந்துகொண்டிருந்தார் என்பதும் அதே அளவு உண்மை. போக்கரைத் தொழிலாகக் கொண்டவர்களின் ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேசும்போது நான் அவரிடமிருந்தே தொடங்க விரும்புகிறேன். ஏனெனில் ஓய்வுக்காக எந்த ஆட்டத்தைத் தேர்ந்தாலும், அதில் பணம் நுழைகிறதா என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி என்று கருதுகிறேன்.

போக்கர் ஆட்டக்காரர்கள் பெரிதும் விரும்பும் பொழுதுபோக்குகளில் சதுரங்கத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1995-இல் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன், 1971-இல் மாசசூசெட்ஸ் மாநிலச் சதுரங்க வாகையர். அமெரிக்க மகளிர் சதுரங்கப் பட்டத்தை 2002-இலும் 2004-இலும் வென்ற ஜெனிஃபர் ஷஹாடே பின்னர் போக்கரிலும் பெயர் பெற்றார். இந்த ஈர்ப்புக்குக் காரணம் வெறும் அறிவுக்கூர்மை அன்று. போக்கரில் இரண்டு ஏஸ்களை வைத்துக்கொண்டு இரண்டு கிங்குகளுக்கு எதிராக தன் பந்தயச் சில்லுகள் எல்லாவற்றையும் முன்வைத்தவர், செய்தது முற்றிலும் சரியாக இருந்தும் 100 முறையில் ஏறத்தாழ 18 முறை தோற்பார். அப்படிப்பட்ட தோல்விகள் வாரக்கணக்கில் தொடரும்போது, தன் ஆட்டம் கெட்டுவிட்டதா, சீட்டுத்தான் வரவில்லையா என்று அவருக்கே தெரியாமற்போகிறது. சதுரங்கப் பலகையில் மறைவான சீட்டும் இல்லை, பகடையும் இல்லை; தோற்றவர் தன் பிழை எந்த நகர்த்தலில் நேர்ந்தது என்று விரல்வைத்துக் காட்டமுடியும். அந்தத் தெளிவு தரும் ஆறுதலைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. மேலும், கைப்பேசியில் காசில்லாமல் ஆடலாம். பந்தயம் கட்டும் பழக்கம் சதுரங்கத்தோடு இயல்பாக ஒட்டிக்கொள்வதும் இல்லை, ஏனென்றால் வலியவரிடம் மெலியவர் ஏறத்தாழ எப்போதும் தோற்கும் ஆட்டத்தில் பணம் கட்ட எதிராளி கிடைப்பது அரிது. குறை ஒன்றுதான்: பத்து மணி நேரம் உட்கார்ந்து கணக்கிட்ட மூளையை அது மீண்டும் உட்காரவைத்துக் கணக்கிடவைக்கிறது. நள்ளிரவு தாண்டி அறைக்குத் திரும்பியவர் 3 நிமிட விரைவுச் சதுரங்கத்தைத் திறந்தால் உறக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

பேக்காமன் வேறு வகை. ஆளுக்கு 15 காய்கள், இரண்டு பகடைகள்; தனித்து நிற்கும் காயை வெட்டித் தொடக்கத்துக்கு அனுப்பும் முறை நம் தாயக்கட்டை ஆடியவர்களுக்கு உடனே விளங்கும். ஆனால் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் கனசதுரம் ஒன்று பலகையோரம் இருப்பதால் அது போக்கருக்கு மிக நெருங்கிய உறவாகிறது. எதிராளி இரட்டிப்பை முன்வைத்தால், மறுப்பவர் ஒரு பங்கை உடனே இழக்கிறார். ஏற்பவர் இரண்டு பங்குக்கு ஆடுகிறார். ஆகவே வெல்லும் வாய்ப்பு 25 விழுக்காட்டுக்குக் குறையாதவரை ஏற்பதே முறை என்பது அடிப்படைக் கணக்கு. போக்கரில் மேசை நடுவில் சேர்ந்துள்ள பந்தயத் தொகையையும் கட்டவேண்டிய தொகையையும் ஒப்பிட்டு முடிவெடுப்பதும் இதே சிந்தனைதான். போட்டித்தொடரில் தன் சில்லு இருப்பை ஒரு சுற்றின் கட்டாயக் கட்டணத்தால் வகுத்துப் பெறும் ‘எம்’ என்ற அளவுகூட, பேக்காமன் மேதையும் போக்கர் ஆட்டக்காரருமான பால் மேக்ரியலின் பெயரிலிருந்து வந்ததே. டென்மார்க்கின் கஸ் ஹான்சனும் பேக்காமனிலிருந்து போக்கருக்கு வந்தவர்தான்.

இன்னொரு சிறப்பும் பேக்காமனுக்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர் ஜெரால்டு டெசாரோ உருவாக்கிய, தனக்குத்தானே ஆடிக் கற்ற நிரல் வழிகாட்டியதிலிருந்து, முடிந்த ஆட்டத்தைக் கணினியிடம் கொடுத்து, எவ்வளவு பகடையின் தயவு, எவ்வளவு சொந்தப் பிழை என்று பிரித்துக் காணும் வசதி வளர்ந்துவிட்டது. போக்கர் ஆட்டக்காரர் ஏங்கும் விடை இது. இருந்தும் இதை ஓய்வு என்று ஏற்க என் மனம் இடந்தரவில்லை. பந்தயமோ புள்ளியோ இல்லாவிட்டால் கனசதுரத்துக்குப் பொருளே இல்லை. பந்தயம் வைத்தால் அது இரண்டாவது போக்கர் மேசை ஆகிவிடுகிறது. சிறந்த பயிற்சி, மோசமான இளைப்பாறல் என்பதே என் மதிப்பீடு.

கோல்ஃப், இவற்றுக்கு மாறாக, ஆளை வெயிலுக்கும் புல்வெளிக்கும் கொண்டுவருகிறது. 18 குழிகளை முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். வண்டியைத் தவிர்த்தால் நல்ல நடை. கல்லூரிக் காலத்தில் கால் முறிந்து கூடைப்பந்தைக் கைவிட நேர்ந்த போக்கர் ஆட்டக்காரர் டாயில் பிரன்சன், பெருந்தொகைக் கோல்ஃப் பந்தயங்களுக்குப் பெயர்போனவர். சிக்கலும் அங்கேதான். ஆட்டக்காரரின் தரத்துக்கேற்ற சலுகை முறை இருப்பதால், எவரும் எவரோடும் சமமாகப் பந்தயம் கட்டலாம். முதல் ஒன்பது குழிகளுக்கு ஒன்று, பின் ஒன்பதுக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று எனப் பிரித்துக் கட்டும் வழக்கமும், பின்தங்கியவர் இடையில் புதுப் பந்தயம் தொடங்கும் வழக்கமும் ஊறிப்போனவை. 2007-இல் போக்கர் ஆட்டக்காரர் எரிக் லிண்ட்கிரன் லாஸ் வேகாஸின் கடும் வெயிலில், தன் மட்டைப்பையைத் தானே சுமந்து, ஒரே நாளில் நான்கு முழு ஆட்டங்களை ஒவ்வொன்றும் 100 மட்டையடிகளுக்குள் முடித்துப் பந்தயத்தில் வென்றார். துணிவைப் பாராட்டலாம், ஆனால் அதை ஓய்வு என்று சொல்ல இயலாது. தவிர, உலகத் தொடர் நடக்கும் கோடையில் வேகாஸில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதால் விடியற்காலையிலேயே ஆடவேண்டும். பின்னிரவுவரை சீட்டாடியவருக்கு அது உறக்கத்தை இழந்து பெறும் இன்பம்.

எனவே முழுநேர ஆட்டக்காரருக்கு, பந்தயமற்ற கோல்ஃபை விடுமுறை நாளுக்கும், சதுரங்கத்தைப் பகலின் சிறு இடைவெளிகளுக்கும் ஒதுக்கி, பேக்காமனை வேலைநேரக் கணக்கிலேயே சேர்க்கச் சொல்வேன். அன்றாடத்துக்கு இம்மூன்றையும்விட எளிய உடற்பயிற்சி மேல். உடல் எடையில் பெரிதும் வேறுபட்டிருந்த, போக்கர் ஆடும் ஸ்டேபிள்ஸ் சகோதரர்கள், ஓராண்டில் ஒரு பவுண்டுக்குள் ஒத்த எடைக்கு வருவதாகப் பந்தயம் கட்டி 2018-இல் வென்றது, அதிலும் பணத்தை நுழைக்க முடியும் என்பதைக் காட்டியது. ஆயினும் ஓட்டமும் பளுவும் பந்தயமில்லாமலே முழுமையானவை.

வார இறுதியில் நண்பர்களோடு சிறுதொகைக்கு மட்டும் போக்கர் ஆடுபவருக்கு இந்த வரிசை பொருந்தாது. நாள்தோறும் அந்தக் கணக்கில் உழலாத அவர், போட்டிப் புள்ளிகளுக்காக மட்டும் பேக்காமன் ஆடினால், வாய்ப்பை எடைபோடும் கலையை இழப்பேதுமின்றி மகிழ்ச்சியாகக் கற்கலாம். அவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.