எழுத்தில்லாப் படப் புத்தகங்களோடு மூன்று ஆண்டுகள்

முதல் புத்தகம் வாங்கியபோது என் மகனுக்கு இரண்டரை வயது. காசிமேட்டில் எங்கள் வீட்டு வாசற்படியில் அவனை மடியில் இருத்தி, பக்கத்துக்குப் பக்கம் நானே கதை சொல்லி முடித்தேன். நான்கே நாளில் அவனுக்குச் சலித்துவிட்டது. புத்தகத்தில் குறையில்லை. அவன் பேச வேண்டிய இடத்தையெல்லாம் நான் பேசித் தீர்த்திருந்தேன்.

வாயை மூடிக்கொள்ளப் பழகச் சில வாரங்கள் ஆயின. பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன், "அப்புறம்?" என்பது மட்டும்தான் என் பங்கு. ஒரு படத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நான் என்றால் 'துறைமுகம்' என்று சொல்லித் தாளைப் புரட்டியிருப்பேன். அவனோ, "தடைக்காலம் அம்மா. மாமா வீட்டில்தான் இருப்பார்" என்றான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் கிடப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை அவன். படகில் தூங்கிய பூனை மீன் வராததால் பட்டினி என்று முடிவுகட்டி, அடுத்த பக்கம் முழுக்க அதற்குக் கருவாடு தேடினான். 'அதனால்', 'அதற்குள்ளே' எல்லாம் அவன் பேச்சில் இப்படித்தான் நுழைந்தன.

நான் எதிர்பாராத பலன் என் மாமியாருக்குக் கிடைத்தது. அவருக்கு எழுத்து தெரியாது. பேரன் புத்தகத்தை நீட்டினாலே என்னிடம் தள்ளிவிடுவார். ஜெர்ரி பிங்க்னி வரைந்து 2010இல் படப் புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டெகாட் பதக்கம் பெற்ற சிங்கமும் எலியும் கதையில் விலங்குகள் எழுப்பும் ஒலிகளைத் தவிரச் சொற்களே இல்லை. அதை இருவரும் எத்தனை மாலைகள் பார்த்தார்கள் என்று எனக்குக் கணக்கில்லை.

குறைகளும் உண்டு. மெல்லிய தாள் சின்னக் கைகளில் நிற்காது. மூன்று வயதுக்குள் கெட்டி அட்டைப் புத்தகமே நல்லது. நெரிசலான படங்கள் அந்த வயதில் குழப்பும். எழுத்தை இவை கற்றுத் தரமாட்டா. அதற்கு வேறு புத்தகங்கள் வேண்டும். வேலை முடித்துக் களைத்து வரும் இரவில், எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுவதைவிடப் பொறுமையாகக் கேட்பது கடினம்.

இப்போது மகளின் முறை. இரண்டு வயது. எந்த மீனைக் கண்டாலும் "சங்கரா" என்கிறாள். நேற்று மாமியார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "முதுகு நீலமாக இருக்கிறதே கண்ணு, இது காணாங்கெளுத்தி" என்று புத்தகத்தை விளக்குக்கு அருகே நகர்த்தினார்.