தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டுப் பார்த்த கராஜ்

கிருலப்பனையில் பெரிய வீதியை விட்டு உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே இந்தக் கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு பலாமரம், அதன் நிழலில் எந்த நேரமும் இரண்டு மூன்று பழைய சின்னக் கார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக என் மாருதி 800ஐ இங்கேதான் கொடுத்து வருகிறேன். கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்படி ஒரு இடம் இருப்பதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் கார் 1998ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 796 சிசி, மூன்று சிலிண்டர், காபரேட்டர். அப்பா வாங்கியது. அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோய், 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. இடையில் ஓடித் தேய்ந்த கார்களுக்குக்கூட நம்ப முடியாத விலை கேட்டார்கள். விற்றுவிடு, நல்ல விலை போகும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டுக்கு வாரம் 20 லீட்டர் பெட்ரோல் கிடைத்த நாட்களில், அந்த 20 லீட்டரில் என்னையும் மூன்று சக ஆசிரியைகளையும் வாரம் முழுவதும் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி இது. எனக்கு விற்க மனம் வரவில்லை.

சென்ற வருடம் ஏப்ரல் மாதம் அதற்குச் சூடு ஏறத் தொடங்கியது. பள்ளி விட்டு வரும் நேரம் காலி வீதியில் வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகரும். வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் வரும்போது சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே போகும். வீதி சற்றுத் திறந்து வண்டி ஓடத் தொடங்கியதும் தானாகவே கீழே இறங்கிவிடும். பெயரும் வரவேற்பறையும் உள்ள வேறொரு இடத்தில் முதலில் கொடுத்தேன். ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள், ஏதோ கழுவினார்கள், காசு வாங்கினார்கள். இரண்டு வாரத்தில் அதே கதை. மறுபடி போனபோது, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில், தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும், 90,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பள்ளியில் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர்தான் இந்தக் கராஜுக்கு வழி சொன்னார். அங்கே இருப்பவரை எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். நான் போய் நின்றதும் அவர் பொனட்டைத் திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், சூடு ஏறுவது நிற்கும்போதா, ஓடும்போதா?" என்று கேட்டார். நிற்கும்போது என்றேன். "ஓடினால் இறங்குகிறதா?" இறங்குகிறது. "அப்படியென்றால் முதலில் விசிறியைப் பார்ப்போம். ஹெட்டைப் பிறகு பார்க்கலாம்."

ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். நிற்கும்போது விசிறிதான் இழுக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். முள் ஏறியது, விசிறி அசையவில்லை. சூடு தெரிந்து விசிறியை ஓடவைக்கும் சுவிட்சின் கம்பியைக் கழற்றி, ஒரு துண்டு வயரால் நேராக இணைத்தார். உடனே விசிறி சுழன்றது. மோட்டார் நன்றாக இருக்கிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, செத்துப்போயிருந்தது உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சுவிட்ச் மட்டும்.

அதற்காக ஹெட் கேஸ்கட்டை அவர் பார்க்காமல் விடவில்லை. எஞ்சின் ஆறும் வரை என்னை இருக்கச் சொன்னார். ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் குமிழி தொடர்ந்து வருகிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். வரவில்லை. எண்ணெய் மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைக் காட்டினார். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். என்னுடையது கறுப்பாகவே இருந்தது. 90,000 ரூபாய்க்குக் கழற்ற இருந்த ஹெட் சுகமாக இருக்கிறது என்று என் கண்ணாலேயே கண்டேன்.

பிறகுதான் இன்னொன்று வெளிப்பட்டது. "இதற்குள் தெர்மோஸ்டாட் இல்லையே டீச்சர், யார் எடுத்தது?" எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத சிறு வால்வு அது. எனக்குத் தெரியாமலே முந்தைய இடத்தில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். நமது சூட்டுக்கு அது தேவையில்லை என்று சொல்லி இங்கே பலர் அப்படிச் செய்வதுண்டாம். பாஸுக்கு அதில் உண்மையான கோபம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையில் சூடாக வெகுநேரம் எடுக்கும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும், பெட்ரோலும் கூடக் குடிக்கும் என்றார். லீட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய வண்டி 12க்கு இறங்கியது ஏன் என்று நான் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

உதவிக்கு நிற்கும் தம்பி உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய், 82 பாகை செல்சியஸில் திறக்க வேண்டும் என்பதற்கு 82 என்று பொறித்த ஒரு தெர்மோஸ்டாட் வாங்கி வந்தான். பாஸ் அதை நேராகப் பூட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தேநீர் போடும் அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கேஸ் அடுப்பில் வைத்தார். தெர்மோஸ்டாட்டைத் தையல் நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாதபடி தொங்கவிட்டார். பக்கத்தில் ஒரு வெப்பமானி. அதற்குள் ஒரு மெழுகு இருக்கிறது, சூட்டில் அது விரிந்து வால்வைத் தள்ளுகிறது, அவ்வளவுதான் இதன் வேலை என்றார். தண்ணீர் 82ஐத் தாண்டியது. 85. 88. வால்வு வாயைத் திறக்கவில்லை. 92க்குப் பிறகுதான் மெல்ல அசைந்தது. "இது வேண்டாம்" என்று நூலோடு தூக்கித் தம்பியிடம் கொடுத்து மாற்றி வரச் சொன்னார். இரண்டாவது வந்தது. 82க்குக் கிட்டவே பித்தளைத் தட்டு ஒரு மயிரிழை விலகியதை நானே குனிந்து பார்த்தேன். தொண்ணூறைத் தாண்டியபோது சுண்டுவிரல் நுனி போகும் அளவுக்குத் திறந்திருந்தது. பதினைந்து நிமிட வேலை. பூட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் இன்னொரு நாள் போயிருக்கும், சில வேளை ஹெட்டும் வளைந்திருக்கும். அலுமினிய ஹெட் அதிக சூட்டைத் தாங்காது.

சுவிட்ச், தெர்மோஸ்டாட், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தது, கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 19,500 ரூபாய். பழைய சுவிட்சைக் கடதாசியில் சுற்றிக் கையில் தந்தார். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓடாதீர்கள், உள்ளே அலுமினியத்தை அரிக்கும் என்று சொல்லி, மீதிக் கூலண்ட் போத்தலையும் பின் இருக்கையில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு புகைப் பரிசோதனைக்கு முன்பு காபரேட்டரைச் சீராக்கவும், டைமிங் பெல்ட் மாற்றவும் போயிருக்கிறேன். புகைப் பரிசோதனை முதல் தடவையிலேயே சரியானது. இன்னொரு வேலை நான் கேட்காமலே நடந்தது. வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட இருப்பவர்களின் கார்களை உப்புக்காற்று கீழிருந்து தின்கிறது. கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகள் மண்ணால் அடைத்துக் கிடந்தன. தம்பி ஒரு கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தபோது, மூன்று நாளுக்கு முன் பெய்த மழைத் தண்ணீர் துருவோடு கலந்து ஒழுகியது. இதற்குக் காசு வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. நேரம் சொன்னால் அந்த நேரத்துக்கு வண்டி வராது. காலையில் விட்டால் மாலை என்றுதான் கணக்கு, சனிக்கிழமையில் அதுவும் நிச்சயமில்லை. அட்டை எடுக்க மாட்டார்கள், காசாகக் கொண்டுபோக வேண்டும். அச்சிட்ட பில் கிடையாது, கொப்பித் தாளில் எழுதித் தருவார். அலுவலகத்தில் பில் காட்ட வேண்டியவர்களுக்கு இது உதவாது. இருந்து காத்திருக்க ஒரு பிளாஸ்டிக் கதிரைதான். டிங்கர் வேலையும் பெயின்ட்டும் இங்கே வேண்டாம். என் முன் மட்கார்டில் பூசிய நிறம் வெயிலில் தனியாகத் தெரிகிறது. ஹைபிரிட் வண்டியோடு வருபவர்களைப் பாஸே திருப்பி அனுப்பிவிடுகிறார். அது தன் வேலை இல்லை என்று வாசலிலேயே சொல்கிறார். அந்த நேர்மையையும் நான் நல்ல பக்கத்திலேயே எழுதுவேன்.

மாருதி 800, பழைய ஆல்டோ, டொயோட்டா ஸ்டார்லட், நிசான் மார்ச் போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் வார நாளில் காலை எட்டரைக்கு முன் போங்கள். என்ன பாகம் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போகாமல், எப்போது, எந்த இடத்தில், எத்தனை நிமிடம் ஓடிய பிறகு கோளாறு வருகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான். என் வண்டியின் பொனட்டுக்குள் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றிய திகதியும் அன்றைய கிலோமீட்டரும் அதில் பாஸின் கையெழுத்தில் இருக்கின்றன. அதற்குக் கீழே அடுத்த தடவைக்காக ஒரு வரி காலியாக விட்டிருக்கிறார்.