பிளஸ் டூ கலாய்ப்பு மலர்: எந்த பேக்கேஜுக்குக் காசு கொடுக்கலாம்?

கத்தோலிக்கப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு விடைபெறும்போது அடிக்கும் மலருக்குப் பள்ளி வைத்திருக்கும் பெயர் ‘நினைவு மலர்’. வகுப்பு வைத்திருக்கும் பெயர் ‘கலாய்ப்பு மலர்’. அறுபது பேரையும் ஆளுக்கொரு வரியில் ஓட்டி, பள்ளியையும் கொஞ்சம் கிண்டலடித்துவிட்டு, ஃபாதரின் வாழ்த்துரையோடு முடிகிற ஒரு குட்டிப் புத்தகம். இதற்காகவே அச்சகங்களும் ஜெராக்ஸ் கடைகளும் ‘ஃபேர்வெல் பேக்கேஜ்’ என்று மூன்று விதமாக விற்கின்றன. ஏ4 ஸ்பைரல் ஒன்று, அதில் பாதி அளவான ஏ5இல் மடிப்பில் பின் அடித்த ‘நடுப்பின்’ ஒன்று, கெட்டி அட்டை கலர் ஆல்பம் ஒன்று. இவற்றில் நடுப்பின்தான் வாங்கத் தக்கது. மற்ற இரண்டும் வேறு வேறு காரணங்களால் சிரிப்பைக் கெடுத்துவிடுகின்றன.

கலர் ஆல்பத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். கல்யாண ஆல்பத்துக்கான அதே தாள், அதே பைண்டிங். கையில் எடுத்தால் கனமாக, அழகாக இருக்கும். ஆனால் அந்த வழவழப்புத் தாளில் ஜெல் பேனா காயாது. கையெழுத்துப் போட்டு மூடினால் எதிர்ப்பக்கத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கையெழுத்து வாங்க முடியாத பிரியாவிடை மலரால் என்ன பயன்? அடுத்தது டெம்ப்ளேட். ‘டிசைன் இலவசம்’ என்பார்கள். இணையத்தில் இறக்கிய அமெரிக்க வடிவம்தான் அது: கறுப்புத் தொப்பி, அங்கி, கூடைப்பந்து, நடன விருந்தின் ராஜா ராணி. நம் ஊர்ப் பள்ளியில் இருப்பது மாதா கெபி, சைக்கிள் ஸ்டாண்ட், கேன்டீன் பஃப்ஸ், மழை நாளில் ஒழுகும் கெமிஸ்ட்ரி லேப். டெம்ப்ளேட்டில் இவை எதற்கும் இடமில்லை. விலை காரணமாக ஆளுக்கொரு பிரதி அடிக்க முடியாமல் பத்துப் பிரதியோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. கலாய்க்கப்பட்டவன் கையில் புத்தகம் இல்லையென்றால் கலாய்த்ததே வீண்.

ஸ்பைரல் பேக்கேஜ் மலிவு. படம் இல்லாத மலர் என்றால் தாராளமாக எடுக்கலாம். படம் வந்தால்தான் சிக்கல். சாதாரண ஜெராக்ஸ் மெஷின் எழுத்துக்கென்று அமைத்த நிலையில் இருக்கும். முகம் கறுத்து, பல் மட்டும் தெரியும். ‘போட்டோ மோடு’க்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்காமல் மாற்ற மாட்டார்கள். பிளாஸ்டிக் சுருள் புத்தகப் பையில் நசுங்கி ஓரம் பிய்ந்து வருவது இன்னொரு தொல்லை.

இனி நடுப்பின். ஏ4 தாளை நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடிப்பது. ஒரு தாளில் நான்கு பக்கம் வரும் என்பதால் மொத்தப் பக்கம் நான்கின் மடங்காகத்தான் இருக்க வேண்டும். 60 பேர் வகுப்புக்கு உள்ளே 24 பக்கமும் தனி அட்டையும் சரியாக இருக்கும். டிஜிட்டல் அச்சில் 12×18 அங்குலத் தாளில் ஓடும். அந்தத் தாள் ஒன்றில் எட்டுப் பக்கம் அடங்குவதால் ஒரு பிரதிக்கு மூன்று தாள். ஆசிரியர்கள், நூலகம், உபரி எல்லாம் சேர்த்து 80 பிரதி என்றால் உள்பக்கத்துக்கு 240 தாள், அட்டைக்கு 40 தாள். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். ‘பக்கத்துக்கு இவ்வளவு’ என்று விலை சொல்லும்போது எந்தப் பக்கம் என்று கேட்பது முக்கியம். ஏ5 கணக்கில் 24, ஏ4 கணக்கில் 12, பெரிய தாளின் ஒரு புறத்தை ஒரு பக்கமாக எண்ணினால் 6. இந்தக் குழப்பத்தில் தொகை இரட்டிப்பாகும், நான்கு மடங்கும் ஆகும். ஆஃப்செட்டில் போடலாமே என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். அச்சுத் தகடு (பிளேட்) செய்யும் செலவு இருப்பதால் அது சில நூறு பிரதிக்கு மேல்தான் கட்டுப்படியாகும். 80 பிரதிக்கு வேண்டாம்.

தாளில் கஞ்சத்தனம் கூடாது, ஆடம்பரமும் கூடாது. உள்ளே 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை) மேப்லித்தோ, அதாவது பூச்சு இல்லாத வெள்ளைத் தாள், கறுப்பு வெள்ளை அச்சு. வழவழப்பான ஆர்ட் பேப்பரைத் தள்ளுங்கள், மேலே சொன்ன பேனாச் சிக்கல் அதிலும் உண்டு. கையெழுத்துக்கு விடும் பக்கங்களில் மார்க்கர் பிடிக்க விடாதீர்கள். மறுபக்கம் ஊறி, அங்கே இருக்கிற ஜோக்கைத் தின்றுவிடும். அட்டை 250 அல்லது 300 ஜி.எஸ்.எம்., மேட் லேமினேஷன். அட்டையை மடிப்பதற்கு முன் ‘கிரீஸிங்’, அதாவது மடிப்புக்கான அழுத்தக் கோடு, போட்டீர்களா என்று கேளுங்கள். போடாமல் மடித்தால் டோனர் (அச்சு மைப்பொடி) வெடித்து, முதுகு நெடுக வெள்ளைக் கீறல் விழும். ‘பின் எதற்கு, கம் பைண்டிங் போட்டுத் தருகிறேன்’ என்றால் மறுத்துவிடுங்கள். 24 பக்கத்துக்கு முதுகே கிடையாது, பசை பிடிக்க இடமில்லை, இரண்டு முறை விரித்தால் தாள் கையோடு வந்துவிடும்.

குரூப் போட்டோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் அதை நடுப்பக்க விரிப்பில், அதாவது 12, 13இல் போடச் சொல்வார்கள். தாள் அறுபடாமல் வருவது அங்கே மட்டும்தான் என்பதால் அது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் குரூப் போட்டோவில் முன்வரிசையின் நட்டநடுவில் உட்காருபவர் யார்? தலைமையாசிரியர் ஃபாதர். மடிப்பு அவர் முகத்தின் மேல் சரியாக விழும், கீழ்ப் பின் அவர் மார்பிலோ மூக்கிலோ ஏறும். அந்த மலரில் அதைவிடப் பெரிய ஜோக் இருக்காது. வேண்டுமென்றே செய்தது அல்ல என்றும் யாரும் நம்ப மாட்டார்கள். படத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஒரே பக்கத்தில் போடுவதே பத்திரம்.

அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கிய படத்தில் வரிசைக்குப் பன்னிரண்டு பேர் நின்றால் ஆளுக்கு 130 பிக்சல்தான், முகத்துக்கு அதில் பாதி. அச்சில் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுங்கள். ஏ5 முழுப்பக்கத்துக்கு 1748×2480 பிக்சல் வேண்டும். மேப்லித்தோவில் படம் கொஞ்சம் இருண்டே வரும், ஆகவே திரையில் சற்று வெளுப்பாகத் தெரியும் அளவுக்குத் தூக்கி வைத்துக் கொடுப்பது நல்லது.

அச்சகச் சேவையில் மிகப் பலவீனமான இடம் தமிழ் எழுத்து. மாணவர்கள் போனில் அடிப்பது யூனிகோடு என்ற பொது எழுத்துமுறை. பல கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களும்தான். கடையில் கன்வெர்ட்டர் போட்டு மாற்றுவார்கள். தமிழ் மாறிவிடும், இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் குப்பையாகும், எமோஜி கட்டமாகும். ஜோக்கின் உயிர் எமோஜியில் இருந்தால் அந்த ஜோக் அங்கேயே செத்தது, ஆகவே சொல்லிலேயே சிரிப்பு இருக்கும்படி எழுதுங்கள். இன்டிசைன் என்ற புதிய மென்பொருள் வைத்திருக்கும் கடை என்றால் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ தேர்வு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எல்லாவற்றையும்விட எளிய வழி, பக்கங்களை நீங்களே அமைத்து பி.டி.எஃப். ஆகக் கொடுப்பது. ஓரத்தில் 10 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். மடித்து வெட்டும்போது உள்தாள் கொஞ்சம் வெளியே பிதுங்கும், கத்தி அதைக் கூடுதலாகத் தின்னும்.

பெயர்ப் பட்டியலையும் கடையை நம்பி விடக் கூடாது. ஒரே வகுப்பில் மூன்று ஆரோக்கியராஜ், நான்கு அந்தோணி இருப்பது கத்தோலிக்கப் பள்ளிகளில் சகஜம். இனிஷியல் இல்லாமல் போட்டால் தூங்குமூஞ்சி அந்தோணிக்கு எழுதியது முதல் ரேங்க் அந்தோணியின் தலையில் விழும். வருகைப் பதிவேட்டில் உள்ளபடி எழுத்தைச் சரிபார்த்து, ஒவ்வொருவரிடமும் அவரவர் வரிக்குக் கீழே ‘சரி’ என்று எழுதி வாங்கிவிடுங்கள். சண்டை பாதி குறையும்.

24 பக்கத்தை இப்படிப் பிரிக்கலாம். பக்கத்துக்கு ஆறு பேர் வீதம் மாணவர்களுக்குப் பத்து, ஆசிரியர்களின் வழக்கமான வசனங்களுக்கு மூன்று (பெயர் போடாமல், யார் என்று எல்லோருக்கும் தெரியும்), கையெழுத்துக்கு நான்கு. குரூப் போட்டோ, வாழ்த்துரை, பள்ளி வரைபடம், ‘நிஜ’ டைம்டேபிள், வரி விளம்பரம், வினாத்தாள், கண்ணீர் அஞ்சலி ஆகியவற்றுக்குத் தலா ஒன்று. ஒரு மாணவருக்குப் பதினைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். யாரையும் விட்டுவிடவும் வேண்டாம். கலாய்க்கப்பட்டவனைவிட விடுபட்டவன்தான் அதிகம் கோபப்படுவான்.

கண்ணீர் அஞ்சலிப் பக்கம் எப்போதும் எடுபடும். கறுப்புக் கட்டத்துக்குள் ஃபிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் படம், கீழே ‘தோற்றம்: ஜூன், மறைவு: பிப்ரவரி, பிரிவால் வாடும் லேப் அசிஸ்டென்ட்’. ஊர்ச் சுவரெல்லாம் பார்த்துப் பழகிய வடிவம் என்பதால் விளக்கமே தேவைப்படாது. வினாத்தாளும் அப்படித்தான். ‘சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக: ஃபாதர் ரவுண்ட்ஸ் வருவதை முதலில் அறிவிப்பது: (அ) சாவிக்கொத்து (ஆ) வெள்ளை அங்கி (இ) கடைசி பெஞ்சின் திடீர் ஒழுக்கம் (ஈ) இவை அனைத்தும்.’

அனுமதி கட்டத்தில்தான் பல மலர்கள் சிதைகின்றன. பத்துக் கட்டளையையோ மன்றாட்டு மாலை என்ற செபத்தையோ வார்த்தை மாற்றி எழுதினால் சிஸ்டரின் சிவப்புப் பேனா ஒரே கோடாக இழுத்துவிடும், வாதாடிப் பயனில்லை. அதே சமயம் காலை, நண்பகல், மாலை சொல்லும் மூவேளை செபத்துக்கு எல்லோரும் கண்மூடி நிற்கையில் டிபன் பாக்ஸ் மூடி திறக்கும் சத்தம் கேட்டதைப் பற்றி எழுதினால் சிஸ்டரே சிரிப்பார். செபத்தின் சொல்லைத் தொடாமல், அந்த நேரத்தில் நாம் அடித்த கூத்தைச் சொல்வதுதான் வித்தியாசம். நிறம், உடம்பு, சாதி, ஜோடி சேர்த்தல் இவற்றைத் தொட்ட வரிகளும் வெட்டுப்படும், வெட்டுப்படவும் வேண்டும். இப்படி ஒரு பக்கம் வெட்டுப்பட்டுப் போனால் புத்தகத்தில் வெள்ளைப் பக்கம் நிற்கும், நான்கின் மடங்குக் கணக்கு அப்படி. இரண்டு பக்கத்துக்கான மாற்றுச் சரக்கைத் தயாராக வைத்திருங்கள். திரையில் காட்டி அனுமதி வாங்காதீர்கள். அச்செடுத்த மாதிரிப் பிரதியில் (புரூஃப்) பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிய பிறகே கடைக்குக் கொடுங்கள்.

பேக்கேஜோடு தலையில் கட்டும் உபரிகளில் தோளில் குறுக்கே போடும் சாட்டின் சாஷ் பரவாயில்லை. ஸ்லாம் புக் தேவையில்லை, மலரின் நான்கு பக்கமே அதற்குத்தான். சட்டையில் கையெழுத்துப் போட விற்கும் மார்க்கரை வாங்கலாம். ஆனால் உள்ளே ஓர் அட்டையைச் செருகாமல் எழுதினால் முதுகுப் பக்கமும், சில நேரம் முதுகுமே நீலமாகும்.

தேதியில் கவனம் வேண்டும். தை பிறந்தால் அச்சகமெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் மூழ்கியிருக்கும், பொங்கல் விடுமுறை வேறு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கொண்டாட்டம் வைப்பதைப் பல பள்ளிகள் தவிர்க்கும். அது சாம்பல் புதனன்று தொடங்கும். 2026இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, 2027இல் பிப்ரவரி 10. அதற்கு முந்தைய வாரம்தான் விழா என்று வைத்தால், எழுத்து முழுவதும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் முடிந்து, புரூஃப் பொங்கலுக்கு முன் ஃபாதர் மேசையில் இருக்க வேண்டும். ஜனவரி 31 தொன் போஸ்கோ திருநாள். அவர் தொடங்கிய சலேசிய சபையின் பள்ளி என்றால் அந்த வாரம் ஃபாதரைப் பிடிக்கவே முடியாது, கையெழுத்தை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.