வௌவால் விரட்டும் பெட்டி: கார் போர்ச்சில் மாட்டிப் பார்த்த பிறகு

ஐந்துக்கு ஒரு ஸ்டார். அந்த ஒன்றும் சாமான் உடையாமல் வந்து சேர்ந்ததற்கு.

ராத்திரி போர்ச் கூரையில் வௌவால் தொங்குவதும், விடிந்தால் சுவரெல்லாம் கறை, கார்மேல் சக்கை என்று கிடப்பதும் பினாங்கில் தெரஸ் வீட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசையில் பாதி வீட்டில் இதே கதைதான். சரி என்று ஆன்லைனில் 60 ரிங்கிட் சொச்சம் கொடுத்து நம் காதுக்குக் கேட்காத மீயொலியால் வௌவாலை விரட்டும் என்கிற இந்தப் பெட்டியை வாங்கினேன். அட்டையில் எலி, கரப்பான், பல்லி, வௌவால் எல்லாம் தலைதெறிக்க ஓடுகிற மாதிரி படம். பிளக்கில் சொருகினால் பச்சை விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். வௌவால் வழக்கமான நேரத்துக்கு வந்து, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கி, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியின் மேலேயே கழிந்துவிட்டுப் போனது.

மீயொலி எழுப்பி எதிரொலி கேட்டுப் பறப்பது பூச்சி தின்னும் வௌவால்கள். நம் போர்ச்சுக்கு வருவது பெரும்பாலும் குட்டை மூக்குப் பழந்தின்னி வௌவால். நாய்க்குட்டி முகம், பெரிய கண், காது ஓரத்தில் வெள்ளைக் கோடு, எடை 30 கிராம் அளவில்தான் இருக்கும். கண்ணையும் மூக்கையும் வைத்தே பிழைக்கிற ஜந்துவிடம் போய் மீயொலியை விற்கிறார்கள்!

இன்னொன்று, அது நம் வீட்டில் குடியிருக்கவே இல்லை. பகலில் பனை வகை மரங்களின் இலைக்கடியில் தூங்கும். ஆண் வௌவால் இலையின் நரம்புகளைக் கடித்துக் கடித்து மடியவைத்துக் கூடாரம் போட, பெண்கள் வந்து சேர்ந்துகொள்ளும். போர்ச் அதற்குச் சாப்பாட்டு மேசை மட்டும். பழ மரத்திலேயே உட்கார்ந்து தின்றால் ஆந்தையோ பாம்போ பிடித்துவிடும் என்பதால், ஜம்பு ஆயேர் என்கிற நீர் ஜம்புவையோ கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமைப் பழத்தையோ வாயில் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடி வருகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: ஒற்றைக் காலில் தொங்கியபடி, மறு காலாலும் இறக்கை விரலாலும் பழத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கடித்து, சதையை அண்ணத்தில் வைத்து நசுக்கிச் சாற்றை விழுங்கிவிட்டு, சக்கையைச் சின்ன உருண்டையாகத் துப்பியது. கெத்தாப்பாங் கொட்டை கார்மேல் ‘டொக்’கென்று விழுவதும் இதன் வேலைதான். சாறும் சின்ன விதையும் வயிற்றில் ரொம்ப நேரம் தங்காது, அதனால்தான் சுவர் அந்தக் கதி.

விற்றவரிடம் கேட்டால் ‘இன்னும் உயரமாக மாட்டுங்கள் அண்ணே’ என்கிறார். கூரையைத் தாண்டி எங்கே மாட்ட?

பக்கத்து வீட்டு அக்கா நிப்பா வைரஸ் வந்துவிடும், விஷம் வை என்கிறார். 1998, 99-இல் பன்றிப் பண்ணைகளில் பரவி நூறு பேருக்கு மேல் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தக் கிருமியோடு முக்கியமாகத் தொடர்புபடுத்தப்பட்டவை பறக்கும் நரிகள் என்கிற பெரிய பழந்தின்னி வௌவால்கள், இந்தக் குட்டி இல்லை. அதற்காகக் கறையை வெறுங்கையால் துடைக்க வேண்டாம். கையுறை, மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டுத் தேயுங்கள். விஷம் வேண்டவே வேண்டாம். இது காட்டு அத்தி விதைகளைப் பரப்புகிற பிராணி. இதன் சொந்தக்காரனான குகை வௌவால்தான் ராத்திரியில் டுரியான் பூவில் தேன் குடித்து மகரந்தம் சேர்க்கிறது. பினாங்கின் பாலிக் பூலாவ் டுரியானுக்கு அடித்துக்கொள்கிற நாம் விஷம் வைத்தால் எப்படி?

பெட்டிக்குப் போட்ட காசுக்கு வலை வாங்கலாம். உத்திரத்துக்குக் கீழே தொய்வில்லாமல் இழுத்துக் கட்டவும். வலைக்கண் சின்னதாக இருக்கட்டும், தொய்ந்தால் இறக்கை சிக்கிக்கொள்ளும். நாங்கள் அப்படிக் கட்டியதில் இப்போது எங்கள் போர்ச் சுத்தம். வௌவால் அக்கா வீட்டுக்கு மாறிவிட்டது, அவரும் வலைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்.