உள்ளேயே ஒட்டிய கால்கள்: கிகாட், ஈகிள், ஆல்டியம் எப்படிச் சமாளிக்கின்றன?

6 மி.மீ. டேக்ட் ஸ்விட்ச், அதாவது போர்டில் சோல்டர் செய்யும் சின்ன அமுக்கு பட்டன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கால்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துத் தொட்டால், பட்டனை அமுக்காமலே இரண்டிரண்டு கால்கள் பீப் அடிக்கும். ஒரே தகட்டின் இரு முனைகள் அவை. மின்சாரத்துக்கு வேண்டியது இரண்டு கால்தான். மற்ற இரண்டும் பட்டன் போர்டில் ஆடாமல் நிற்பதற்கு. நமக்குத் தெரிந்த இந்த விஷயம் கிகாட், ஈகிள், ஆல்டியம் போன்ற, சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளுக்குத் தெரியாது. சொல்லித்தான் ஆக வேண்டும். அதைச் சொல்ல எந்த மென்பொருள் எவ்வளவு இடம் தருகிறது என்பதில்தான் வித்தியாசமே.

கிகாட்டில் காலங்காலமாக இருக்கும் வழி, ஒரே எண்ணை இரண்டு பேடுகளுக்கு (கால்களைச் சோல்டர் செய்யும் செம்புத் திட்டுகள்) கொடுப்பது. அதனுடன் வரும் 6 மி.மீ. பட்டனின் ஃபுட்பிரிண்டிலேயே (போர்டில் அது உட்காரும் பேடுகளின் வரைவு) பேட் எண்கள் 1, 1, 2, 2 என்றுதான் இருக்கும். சர்க்யூட் படத்தில் அதைக் குறிக்கும் சிம்பலில் இரண்டே பின்கள். ஸ்கீமாட்டிக், அதாவது அந்தச் சர்க்யூட் படம், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். சிக்கல் லேஅவுட்டுக்கு, அதாவது போர்டில் செம்பை வரையும் கட்டத்துக்கு, வந்த பிறகு. ஒரே எண் என்றால் ஒரே நெட் (ஒன்றோடொன்று இணைய வேண்டிய கால்களின் கூட்டம்), ஒரே நெட் என்றால் செம்பால் இணைத்தே தீர வேண்டும் என்று கிகாட் அடம் பிடிக்கும். இரண்டு பேடுக்கும் நடுவே மெல்லிய கோடு நிற்கும், டி.ஆர்.சி. என்ற விதிச் சோதனையை ஓட்டினால் ‘இணைக்கப்படவில்லை’ என்று பிழை வரும். இரட்டை அடுக்கு போர்டில் இது பெரிய தொல்லை இல்லை, ஒரு டிராக் (செம்புக் கோடு) போட்டுவிட்டுப் போகலாம். ஒற்றை அடுக்கில்தான் வலிக்கும். பட்டனின் உள் தகட்டையே பாலமாக்கி அதற்கடியில் இன்னொரு டிராக்கைக் கடத்துவது அங்கே பழைய, நல்ல உத்தி. அதை மென்பொருள் பிழை என்கிறது. பிழையை விலக்குப் பட்டியலில் போட்டு மறைக்கலாம்தான். ஆனால் அந்தப் பழக்கம் வந்துவிட்டால் உண்மையான பிழையும் ஒருநாள் அதோடு சேர்ந்து மறையும்.

இரண்டாவது வழி, நான்கு பின் உள்ள சிம்பல். இரண்டில் வயரை மாட்டிவிட்டு, மீதி இரண்டில் ‘இணைப்பு இல்லை’ குறியைப் போடுவது. எந்த மென்பொருளிலும் செல்லும். இதில் எனக்குப் பிடித்த ஒரு வசதி உண்டு: எதிரெதிர் மூலையில் உள்ள கால்களை எடுத்துக்கொண்டால், எந்த இரண்டு கால் ஜோடி என்று நாம் தவறாக நினைத்திருந்தாலும் ஸ்விட்ச் வேலை செய்யும். நீளவாக்கில் ஜோடியோ, குறுக்குவாக்கில் ஜோடியோ, மூலைக்கு மூலை கால்கள் எப்போதும் வேறு வேறு தகடுதான். ஜோடியை மாற்றி வரைந்துவிட்டால் எப்போதும் அமுங்கியே இருக்கும் ரீசெட் பட்டன் கிடைக்குமே, அந்தக் கூத்து இதில் நடக்காது.

ஆனால் இது மென்பொருளிடம் சொல்லும் பொய். குறி போட்ட காலில் சிக்னல் இருக்கிறது, மென்பொருளோ அதைத் தனித்தீவு என்று நம்புகிறது. 3.3 வோல்ட் பட்டனில் யாருக்கும் நஷ்டமில்லை. 230 வோல்ட் போகும் ஸ்விட்சில் அப்படி ஒரு காலை விட்டால், பக்கத்து டிராக்குக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற கணக்கே தப்பாகிவிடும். அங்கே இந்த வழி வேண்டவே வேண்டாம்.

ஈகிள் 6-ஆம் பதிப்பு முதல் ஒரு பின்னுக்குப் பல பேடுகளை மாட்டலாம்; மாட்டும்போதே ‘எல்லாம்’, ‘ஏதாவது ஒன்று’ என்று இரண்டு தேர்வு. டேக்ட் ஸ்விட்சுக்கு ‘ஏதாவது ஒன்று’ என்றால் ஒரு பேடைத் தொட்டவுடன் ஏர்வயர் (இன்னும் இணைக்கவில்லை என்று காட்டும் மெல்லிய கோடு) மறைந்துவிடும். கேள்வியையே சரியாகக் கேட்ட மென்பொருள் என்று இதைச் சொல்வேன். இனி அதைக் கற்றுக்கொள்ளச் சொல்ல மனம் வரவில்லை. 2016-இல் ஈகிளை வாங்கிய ஆட்டோடெஸ்க், தனி மென்பொருளாக அதற்கு 2026 ஜூன் 7 வரைதான் என்று அறிவித்து, ஃபியூஷன் என்ற தன் இன்னொரு மென்பொருளுக்குள் கொண்டுபோய்விட்டது.

ஆல்டியத்தின் ஜம்பர் எண் இன்னும் ஒரு படி மேல். பேடின் பண்புகளில் பூஜ்யம் அல்லாத ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒரே ஃபுட்பிரிண்டில் அதே எண்ணும் அதே நெட்டும் உள்ள பேடுகளைச் செம்பு இல்லாமலே இணைந்தவையாக அது ஏற்கும். அதோடு நிற்காமல் நடுவே ஒரு வளைகோட்டையும் காட்டும். அந்தக் கோடு முக்கியம். ஆறு மாதம் கழித்து வேறொருவர் கோப்பைத் திறந்தாலும், சிக்னல் உதிரிபாகத்துக்குள் புகுந்து போகிறது என்று பார்த்ததும் தெரியும். ஆல்டியத்தின் குறை என்றால் அதன் விலைதான், அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கிகாட் 10-இல் இதே எண்ணம் வந்துவிட்டது. ஒரே எண் கொண்ட பேடுகள் ஜம்பர் என்று ஃபுட்பிரிண்டின் பண்புகளில் ஒரு டிக் அடிக்கலாம்; எண்கள் வேறாக இருந்தால் குழுவாகவும் சேர்க்கலாம். பழைய பதிப்பிலேயே நிற்பவர்களுக்கு மேலே சொன்ன இரண்டு வழிதான். சிலர் ‘நெட் டை’ (net tie) என்ற வசதியை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அது இரண்டு வேறு நெட்டுகளைச் செம்பால் வேண்டுமென்றே சேர்ப்பதற்கானது. இந்த நோய்க்கு அது மருந்தல்ல.

சரி, உள்ளே இணைந்திருந்தால் எப்போதும் ஜம்பர் குறியா? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 16 ஆம்பியர் ரிலேக்கள் பலவற்றில் ஒரே தொடுமுனைக்கு இரண்டு கால்கள் இருக்கும். பட்டன் போலவே தோன்றும், காரணம் வேறு: கரண்டைப் பகிர்ந்துகொள்ள. ஒன்றை மட்டும் சோல்டர் செய்தால் அந்த ஒரு கால் முழுச் சுமையையும் தாங்க வேண்டியதுதான். யு.எஸ்.பி.-சி சாக்கெட்டின் நான்கு விபஸ் (மின்சாரம் வரும்) பின்களும் அப்படியே. ஈ.எஸ்.பி.32 வ்ரூம் (WROOM) என்ற வைஃபை மாட்யூலின் கிரவுண்ட் பின்கள் 1, 15, 38, அடிவயிற்றில் 39. ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றதை விடக்கூடாது. இவற்றுக்கெல்லாம் கிகாட்டின் பழைய அடம்தான் சரியான காவல்.

ஏ.எம்.எஸ்.1117 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. எஸ்.ஓ.டி.-223 உறையில் நடுக்காலும் அகலமான பின்தகடும் இரண்டுமே அவுட்புட். மின்சாரத்துக்கு நடுக்கால் ஒன்றே போதும். சூடு இறங்குவதோ தகடு வழியாக. ஜம்பர் குறி போட்டால் தகட்டைச் செம்பில்லாமல் விட்டாலும் டி.ஆர்.சி. வாயைத் திறக்காது, ரெகுலேட்டர்தான் சுடும். அதனால் இதற்கு இரண்டு பேடுக்கும் 2 என்று எண் கொடுத்து, குறி எதுவும் போடாமல் விடுவதே என் வழக்கம். தகடு கிரவுண்டாக இருக்கும் 7805 என்ற பழைய ரெகுலேட்டரின் பழக்கத்தில் இந்தத் தகட்டையும் கிரவுண்டோடு சேர்ப்பவர்களையும் இது தடுக்கும்.

பட்டனையே பாலமாக்கும்போதும் ஒரு எல்லை உண்டு. சாதாரண டேக்ட் ஸ்விட்சின் டேட்டாஷீட்டில் பெரும்பாலும் 12 வோல்ட், 50 மில்லி ஆம்பியர் என்றுதான் போட்டிருப்பார்கள். அது தொடுமுனைக்கான அளவு. தகடு கூடுதலாகவே தாங்கலாம், ஆனால் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பதில்லை. சிக்னலைத் தாராளமாக அனுப்புங்கள். போர்டின் கிரவுண்டை அதன் வழியாக அனுப்ப வேண்டாம், சோல்டர் விட்டுப்போனால் எங்கே போயிற்று என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.