வீட்டுப் பூனைக்குத் தெள்ளு மருந்து: சொட்டா, பட்டியா, பவுடரா?

"வெளியே போகாத பூனைக்குத் தெள்ளு எங்கேயிருந்து வரும்?" என்று கேட்பவர்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை மறந்துவிடுகிறார்கள். இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், அடுத்த வீட்டு நாய் படுத்திருக்கும், கூரைக்குள் எலி ஓடும், நம்முடைய சாரத்திலும் சாக்கிலும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். பூனை வாசலைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை.

நுவரெலியாக் குளிரில் தெள்ளு செத்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. ஏறத்தாழ 13 பாகை செல்சியஸுக்குக் கீழே முட்டையும் புழுவும் வளர்வது நின்றுபோகும். ஆனால் பூனை படுப்பது அடுப்படியில். அங்கே சூட்டுக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. வெக்கையான ஊரில் மூன்று நான்கு வாரத்தில் முடிகிற வளர்ச்சி இங்கே மெதுவாக இழுபடும். கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடமாட்டத்தின் அதிர்வும் சூடும் பட்டதும் வெளியே குதிக்கும். ஆகவே மலைநாட்டில் ஒரு மருந்து எவ்வளவு சீக்கிரம் கொல்கிறது என்பதைவிட, எவ்வளவு காலம் நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அதோடு வீட்டிலுள்ளவர்களின் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்த்தால் பிடரியில் விடும் சொட்டு மருந்துக்கே என் வாக்கு. ஃபிப்ரோனில் சொட்டு ஏறக்குறைய ஒரு மாதம் நிற்கும். தோலின் எண்ணெயில் பரவுவதால், தெள்ளு கடிக்காமலே பட்டுச் சாகும். போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் பூனையைக் குளிப்பாட்டக் கூடாது. செலமெக்டின் சொட்டும் மாதத்துக்கு ஒரு முறைதான், ஆனால் காதுச் சிற்றுண்ணியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஃப்ளூராலனர் சொட்டு 12 வாரம் வரும். தெள்ளு கடித்தால்தான் அது வேலை செய்யும், பூனை 1.2 கிலோவாவது இருக்க வேண்டும். மாதாமாதம் ஞாபகம் வைக்க முடியாத வீட்டுக்கு இதுவே நல்லது.

கழுத்துப் பட்டியில் தரமானது, இமிடாகுளோபிரிட், ஃப்ளூமெத்ரின் என்ற இரண்டு மருந்தும் கலந்தது, ஏழெட்டு மாதம் வேலை செய்யும். டவுனுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்கும் தோட்டத்தவருக்கு இது கவர்ச்சிதான். முதலில் கொடுக்கும் காசு கூட. மலிவான பட்டிகளோ வாசனையைத் தவிர அதிகம் தருவதில்லை. பூனையைக் கட்டிக்கொண்டு தூங்கும் சின்னப்பிள்ளை இருக்கும் வீட்டில் நான் பட்டி கட்ட மாட்டேன்.

நாய்க்கென்று விற்கும் பவுடரும் சொட்டும் இந்தப் போட்டியிலேயே இல்லை. பெரும்பாலும் அவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அதை உடைத்து வெளியேற்றும் வல்லமை பூனையின் ஈரலுக்குப் போதாது; நடுக்கம், வலிப்பு, சாவு வரைக்கும் போகும். "நாய் மருந்தில் பாதி போட்டால் போதும்" என்று கடையில் சொன்னாலும் வாங்காதீர்கள். பட்டியிலுள்ள ஃப்ளூமெத்ரினும் அதே குடும்பம்தான். பூனைக்கென்று அளவாகச் செய்து மெல்ல மெல்லக் கசியவிடுவதால் தப்பிக்கிறது.

கைமருந்துகளில் வேப்பிலைத் தண்ணீர் பெரிதாகக் கெடுக்காது, பெரிதாகக் கேட்கவும் கேட்காது. யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம், மண்ணெண்ணெய் மூன்றும் பூனைக்கு விஷம். தைலம் நம் சளிக்கு நல்லதென்பதால் பூனைக்கும் நல்லதாகிவிடாது. பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி. மேலே தடவியது எல்லாம் வயிற்றுக்குள் போகும்.

எந்த மருந்தானாலும் தரையை விட்டால் வீண்தான். பூனைமேல் நாம் பார்ப்பது மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் சிறு பங்கு; முட்டை, புழு, கூடு எல்லாம் பலகை இடுக்கிலும் கம்பளியிலும் கிடக்கும். ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். தும்புத்தடியால் மூலை முடுக்கைக் கூட்டி, குப்பையை உடனே எரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் வெயிலை நம்பாமல் பூனை படுக்கும் துணியைக் கொதிதண்ணீரில் போடுங்கள். தெள்ளு கண்ணில் படாவிட்டாலும் சொட்டை மூன்று மாதமாவது விடாமல் போட வேண்டும்.

எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு மிருக வைத்தியர் சொல்லாமல் எந்த மருந்தும் வேண்டாம். பேன்சீப்பால் வாரி, சிக்கியதைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரப்பஞ்சில் வைத்துப் பாருங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். பல் முரசு வெளுத்து, குட்டி சோர்ந்து கிடந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.